4100 முதல் 4760 வரை

786
ஆனைக்கரை
12-8-1974

மதிப்பிற்குரிய மச்சான் தாவூத் அவர்களுக்கு, மொய்து எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கை சபியாவும் சுகம். அங்கே நீங்களும் ஐசும்மா அக்காவும் பெண்மக்கள் இருவரும் அம்மாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

ஜீப் வந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வருஷம் காத்திருக்க வேண்டிய கஜவீர் வண்டியை, ஏஜென்சி ஆபீஸில் நீங்கள் இருந்ததால் பதினோரு மாதத்தில் எடுத்துக் கொடுத்தீர்கள். அதை மறக்கமாட்டேன். விடிந்ததும் கம்பம்மெட்டுக்குப் போகிறேன். கீழே கம்பத்திலிருந்து ஏறி வருகிற ஏலக்காட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து எஸ்டேட்டில் விடுகிறேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன். வழியெல்லாம் பாட்டும் சிரிப்பும்தான். அழகுத்தாய் என்று ஒருத்தி, முன்சீட்டைத் தவிர வேறெங்கும் உட்காரமாட்டாள். “பின்னாடி உக்காந்தா எனக்கு வயித்தைப் புரட்டும்ணே, அப்புறம் உங்க வண்டியத்தான் கழுவணும்” என்கிறாள். என்ன செய்ய!

ஒரு சின்ன விஷயம். வலது பக்கம் முழுக்க ஒடிக்கும்போது ஸ்டீயரிங்குக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். குமுளியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சிலுவைராஜ் பார்த்து நட்டு போல்ட்டெல்லாம் முடுக்கிக் கொடுத்தார். நாலு நாள் கேட்கவில்லை. மறுபடி கேட்கிறது. உங்கள் ஏஜென்சியின் சர்வீஸ் டிப்போவில் விசாரித்து ஒரு வரி எழுதுங்கள்.

மழை இன்னும் விடவில்லை. அம்மாவுக்கு சபியா தனியாக ஸலாம் சொல்லச் சொன்னாள்.

வஸ்ஸலாம்,
மொய்து


பாலக்காடு
24-8-1974

அன்புள்ள மாப்பிள்ளை மொய்துவுக்கு, தாவூத் எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம். ஆண்டவன் கிருபையால் இங்கு அனைவரும் க்ஷேமம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அழகுத்தாய் பேச்சைக் கேட்டு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

சத்தத்தைப் பற்றி டிப்போவில் கேட்டேன். புது வண்டி, அதுவும் மலைப்பாதையில் ஓடுவது, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை. அடுத்த சர்வீசுக்கு இங்கே கொண்டுவந்தால் முன்னால் நின்று பார்த்துத் தருகிறேன்.

சபியாவுக்கு என் துஆ.

அன்புடன்,
தாவூத்


பாலக்காடு
3-11-1974

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, தாவூத் எழுதுவது. ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் சுகம், அம்மாவைத் தவிர. நாலைந்து நாளாக அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சபியாவைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள்.

ஆகவே நீங்கள் இருவரும் உடனே புறப்பட்டு வாருங்கள். பஸ்ஸில் வேண்டாம், மாறி மாறி ஏறி இறங்கி அவள் அசந்துபோவாள். ஜீப்பிலேயே வந்துவிடுங்கள். வந்த கையோடு வண்டியை டிப்போவில் விட்டால் இரண்டு நாளில் சர்வீஸ் செய்து தந்துவிடுவார்கள். மேனேஜர் துரைசுவாமி சாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதுவரை பாரம் அதிகம் ஏற்ற வேண்டாம். வளைவில் மெதுவாகப் போங்கள். முடிந்தால் இந்த வாரமே வாருங்கள்.

துஆவுடன்,
தாவூத்


786
ஆனைக்கரை
23-11-1974

மச்சான் அவர்களுக்கு மொய்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு சுகம்.

ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கிறது, ஒரு நாள் வண்டி நின்றாலும் அந்தப் பெண்களுக்கு வேலை போய்விடும். தேனி, பழனி வழியாக அங்கே வருவதென்றால் தமிழ்நாட்டுப் பெர்மிட்டும் எடுக்கவேண்டும். அதனால்தான் சபியாவை மட்டும் பஸ்ஸில் அனுப்பினேன். தப்பாக நினைக்கவேண்டாம்.

திரும்பி வந்து இறங்கியவள் முதலில் சொன்னது, அம்மா முற்றத்தில் நின்று மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் வாசலுக்கு வந்து, “வா” என்றுகூடச் சொல்லாமல், “ஜீப் எங்கே?” என்று தெருவைப் பார்த்தீர்களாம். “அண்ணனுக்குத் தங்கச்சியைவிட வண்டிதான் பெரிசு” என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

சத்தம் கூடியிருக்கிறது. ஸ்டீயரிங்கில் ஆட்டமும் இருக்கிறது. நான் திருப்பியும் ஒரு நொடி கழித்துத்தான் சக்கரம் திரும்புகிறது. சிலுவைராஜ், “இது என் கைக்கு அடங்காது, கம்பெனிக்கு எழுதுங்க” என்றார். குறையைச் சொல்லிப் பராதி எழுதி ரிஜிஸ்டர் தபாலில் கம்பெனிக்கு ஒன்றும் உங்கள் ஏஜென்சிக்கு ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். உங்கள் மேசைக்குத்தான் வரும். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்,
மொய்து


786
ஆனைக்கரை
4-1-1975

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகந்தானே? இங்கே குளிர் தாங்கவில்லை. மற்றபடி சுகம்.

என் பராதிக்கு ஏஜென்சியிலிருந்து பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் போஸ்ட் மாஸ்டர் வாசித்துச் சொன்னார். வண்டியில் குற்றம் ஒன்றும் இல்லையாம். அதிக பாரம் ஏற்றுவதும், மோசமான ரோட்டில் ஓட்டத் தெரியாமல் ஓட்டுவதும்தான் காரணமாம். பதினேழு வருஷமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன் மச்சான். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

கடிதத்தின் அடியில் மூலையில் சின்னதாக இரண்டு எழுத்து இருந்தது. இது என்ன என்று கேட்டேன். “டைப் அடிச்ச ஆளோட இனிஷியல்” என்றார் போஸ்ட் மாஸ்டர். அது உங்கள் எழுத்து. சபியாவிடம் சொல்லவில்லை. வருத்தமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், சொன்னதை அடிப்பதுதானே உங்கள் வேலை. ஆனால் மச்சானாக நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்தால் தேவலை. வண்டியை ஓட்டலாமா, நிறுத்தட்டுமா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.
மொய்து


பாலக்காடு
13-1-1975

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, ஸலாம். இங்கு சுகம். உங்கள் சுகத்தையே நாடுகிறேன்.

அது நான் அடித்ததுதான். மேனேஜர் வாயால் சொல்கிறார், என் கை அடிக்கிறது. அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டியைப் பற்றி நான் எழுத்தில் என்ன சொல்ல முடியும்? நான் மெக்கானிக் இல்லை. நேரில் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்கிறேன். என்ன, ஏது என்று கேட்க வேண்டாம், கொண்டுவந்து விடுங்கள். எடுப்பு முடிந்ததும் பெர்மிட் வாங்கிவிடுங்கள். பிப்ரவரி தாண்டக்கூடாது.

அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி. மூத்தவளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். துஆ செய்யுங்கள்.

தாவூத்


கம்பம்
17-2-1975

அண்ணனுக்கு சபியா எழுதுவது. ஸலாம். சுகமா இருக்கோம்னு எழுத முடியலை. தந்தி கிடைச்சிருக்கும். பதில் இல்லாததால விவரமா எழுதறேன்.

ஆறாம் தேதி வியாழக்கிழமை காலையில இவங்க பதினோரு பொண்ணுங்களோட எஸ்டேட்டுக்கு வந்துட்டு இருந்தாங்க. கம்பம்மெட்டு தாண்டி வலது பக்க வளைவு. ஸ்டீயரிங்கை ஒடிச்சிருக்காங்க, அது காத்தாடி மாதிரி சும்மா சுத்தியிருக்கு. “கை சுத்துது, சக்கரம் கேக்கலை, குதிங்க, குதிங்க”ன்னு கத்தினாங்களாம். பின்னாடி இருந்தவங்க நாலு பேர் குதிச்சிட்டாங்க. வண்டி உருண்டு பாறையில போய் நின்னுச்சு. முன்சீட்டில இருந்த அழகுத்தாயும், அவ பக்கத்துல சுருளியம்மாளும் அங்கேயே மௌத்தாயிட்டாங்க. மத்த பொண்ணுங்க காயத்தோட தப்பிச்சாங்க, உங்க மாப்பிள்ளைக்கு இடுப்பெலும்பும் இடது காலும் போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருக்காங்க, கட்டிலோட கால்மாட்டுல போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கார்.

கண்ணுமண்ணு தெரியாம ஓட்டி ரெண்டு பேரைக் கொன்னதா கேஸ் எழுதிட்டாங்க. ரெண்டாம் கியர்ல ஏறின வண்டி எப்படிங்க பறக்கும்னு கேட்டேன். “அதை ஜட்ஜ்கிட்ட கோடதியில சொல்லு”ன்னுட்டாங்க.

சிலுவைராஜ் அண்ணன் வண்டியைப் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னார். ஸ்டீயரிங்கைத் திருப்பினா அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற இரும்புக் கை ஒண்ணு இருக்காம், டிராப் ஆர்ம்னு பேராம், அது ரெண்டாத் துண்டாயிருக்கு. உடைஞ்ச இடத்துல பாதி வெள்ளையா மினுங்குதாம், பாதி கறுப்பாம். கறுப்பு ரொம்ப நாளைக்கு முன்னாடியே விட்ட கீறலாம்.

அழகுத்தாயோட மாமியா கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு. திட்டும்னு நெனச்சேன். “ஏம்ப்பா, அன்னைக்கும் அவ முன்னாடிதான் உக்காந்திருந்தாளா?”ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிடுச்சு.

இருபத்தி நாலாம் தேதிக்குப் பெர்மிட் வாங்கி வெச்சிருந்தாங்க, உங்க ஊருக்கு வர. அந்தக் கையைப் பத்தி உங்க டிப்போவுல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கேட்டு எழுதுங்க. வந்தா நல்லது.

உங்க தங்கச்சி,
சபியா


ஆனைக்கரை
29-4-1975

தாவூத் மச்சானுக்கு மொய்து எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஜாமீனில் வீட்டில் இருக்கிறேன். கம்பு ஊன்றி முற்றம் வரை நடக்கிறேன்.

பிப்ரவரியிலிருந்து சபியா மூன்று கடிதம் போட்டாள். நீங்கள் ஒரு கார்டுகூட எழுதவில்லை. ஐசும்மா அக்கா மட்டும், “அவருக்கு ஆபீஸில் வேலை ஜாஸ்தி” என்று எழுதியிருந்தார்.

ஈஸ்டருக்கு ஏசுதாஸ் என்று ஒருவர் வண்டன்மேட்டில் அவர் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். நெல்லியாம்பதி எஸ்டேட்டில் கஜவீர் ஜீப் ஓட்டுகிறவர். வண்டி உருண்ட என் அபகடத்தைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார், “நவம்பர் மாசம் பாலக்காட்டு டிப்போவில் ஆயில் மாத்த விட்டேன். திரும்ப எடுக்கும்போது பார்த்தால் புது டிராப் ஆர்ம் போட்டிருக்கு. நான் கேக்கவும் இல்லை, பில்லில் எழுதவும் இல்லை. எதுக்குடா மாத்தினீங்கன்னா, மேலே சொன்னாங்க மாத்தினோம்கிறான் மெக்கானிக்.”

அவர் போன பிறகு உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். நவம்பர் மாதம்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் வேண்டாம், ஜீப்பில் வாருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சபியாவும் பக்கத்தில் இருந்து படித்தாள். அவள் இப்போது சிரிக்கவில்லை.

உங்களுக்கு எப்போது தெரியும்? ஒரு வரி போதும்.

மொய்து


பாலக்காடு
8-6-1975

மாப்பிள்ளைக்கும் சபியாவுக்கும் தாவூத் எழுதுவது. ஸலாம். நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி தெரியும். கம்பெனியிலிருந்து ரகசிய சுற்றறிக்கை வந்தது. தபாலைப் பிரித்தவன் நான். குறிப்பிட்ட ஷாசி நம்பர் வண்டிகளில் டிராப் ஆர்ம் வார்ப்பு சரியில்லை, முறியக்கூடும். அந்த வண்டிகள் சர்வீசுக்கு வந்தால் கேட்காமலே மாற்றிவிட வேண்டும். வராத வண்டிக்காரர்களுக்கு எழுதவேண்டாம், வெளியே தெரிந்தால் விற்பனை கெடும். இவ்வளவுதான் இருந்தது. உங்கள் நம்பர் 4318 அதற்குள் வருகிறதா என்று அப்போதே பார்த்தேன். வந்தது.

துரைசுவாமி சார் அதை வாங்கிப் படித்துவிட்டு, “இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் தாவூத். வெளியே போச்சுன்னா யாரால போச்சுன்னு எனக்குத் தெரியும்” என்றார். அந்தக் காகிதம் இருந்த அதே மேசையில் உட்கார்ந்துதான் உங்கள் பராதிக்குப் பதில் அடித்தேன்.

வண்டியை நிறுத்தட்டுமா என்று ஜனவரியில் நேராகவே கேட்டீர்கள். முதலில் “நிறுத்துங்கள்” என்றுதான் எழுதினேன். போஸ்ட் ஆபீஸ் வரை கொண்டுபோனேன். ஒரு வேளை இந்தக் கடிதம் யார் கைக்காவது போனால், இருபத்திரண்டு வருஷ உத்தியோகம், மூத்தவளின் நிச்சயம், எல்லாவற்றையும் நினைத்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதினேன். எப்படியும் வண்டியைக் கொண்டுவந்துவிடுவீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாம் தேதி வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாட்சி சொல்லக் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். என்னால் ஆகாது. அந்தக் காகிதம் இப்போது மேனேஜர் பெட்டிக்குள் இருக்கிறது. கையில் காகிதம் இல்லாமல் நான் வந்து நின்றால் எனக்கும் வேலை போகும், உங்களுக்கும் பலன் இராது. மூத்தவள் கல்யாணம் ஆகஸ்டில். உங்களை அழைக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டது ஒரு வரி. அதற்கு இத்தனை எழுதிவிட்டேன்.

தாவூத்


ஆனைக்கரை
21-9-1975

அண்ணனுக்கு சபியா எழுதுவது.

வியாழக்கிழமை கேஸுக்கு விதி சொன்னாங்க. ஒரு வருஷம் ஜெயில். லைசன்சும் ரத்து. நோன்பு வெச்சுக்கிட்டே போனாங்க, கம்பை ஊன்றிக்கிட்டுக் கூண்டுல ஏறி நிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

கம்பெனியில இருந்து ஒரு இன்ஜினீயர் வந்திருந்தார். நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார், என்னைப் பார்த்துத் தலையெல்லாம் ஆட்டினார். பாறையில மோதினதாலதான் கை உடைஞ்சதுன்னு சொன்னார். அந்தக் கறுப்பு பழைய கீறல் இல்லையா சார்னு வக்கீல் கேட்டதுக்கு, அது ஆயில் கறைன்னார். சிலுவைராஜ் அண்ணன் எழுந்து சொல்லப் போனார். நீ எந்தக் காலேஜில படிச்சேன்னு கேட்டு உட்கார வெச்சுட்டாங்க. ஏசுதாஸ் வரலை. எஸ்டேட்டுல லீவு கிடைக்கலையாம்.

உங்க ஜூன் மாசக் கடிதத்தை வக்கீல்கிட்டக் காட்டினேன். “சொந்த மச்சான் எழுதினதை எவன் நம்புவான்? ஒண்ணு ஆளைக் கொண்டு வா, இல்லே அந்தக் காகிதத்தைக் கொண்டு வா”ன்னார். அதுக்கப்புறம்தான் ரெண்டு தந்தி அடிச்சேன். ரெண்டும் உங்களுக்குக் கிடைச்சதுன்னு ரசீது வந்தது.

போலீஸ் வண்டியில ஏத்திக்கிட்டுப் போகும்போது நான் உங்களைத் திட்டினேன். இவங்க, “விடு, அவருக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு”ன்னாங்க. அழகுத்தாய்க்கும் ஒரு பொண்ணு இருக்கு.

உங்ககிட்டக் கேக்க எனக்கு ஒண்ணுதான் இருக்கு. இந்த ரோட்டுல தினமும் ஏழெட்டு கஜவீர் ஜீப் போகுது. வாசல்ல நின்னா எல்லாம் தெரியுது, உள்ளே முழுக்க ஏலக்காட்டுப் பொண்ணுங்க. எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைன்னு அந்தக் காகிதத்துல இருந்ததை எழுதி அனுப்புங்க. நம்பர் மட்டும் போதும். வேற எதுவும் எழுத வேண்டாம்.

சபியா


30-9-1975

4100 முதல் 4760 வரை.
டிரைவர் சீட்டுக்குக் கீழே பித்தளைத் தகட்டில் இருக்கும்.


ஆனைக்கரை
16-11-1975

அண்ணனுக்கு,

நம்பர் கிடைச்சது. ஒன்றரை மாசமா காலையில ஜங்ஷன்ல போய் நிக்கறேன். கையைக் காட்டினா வண்டியை நிறுத்தறாங்க. மொய்து அண்ணன் பெண்டாட்டின்னு தெரியும், ஏதோ உதவி கேக்கப் போறேன்னு நெனச்சுக்கறாங்க. தகட்டைப் பார்க்கணும்னு சொன்னா சிரிக்கறாங்க. சில பேர் காலைத் தூக்கிக் காட்டறாங்க, சில பேர் “அக்காவுக்குத் தலைக்கு என்னமோ ஆயிடுச்சு”ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

ஒன்பது வண்டி பார்த்தேன். அதுல நாலு உங்க கணக்குக்குள்ள வருது.

ஒருத்தர் பயந்துபோய் உங்க டிப்போவுக்கே எழுதிக் கேட்டார். கஜவீர் வண்டியில அப்படி ஒரு குறையும் இல்லை, வதந்தியை நம்ப வேண்டாம்னு பதில் வந்திருக்கு. கொண்டுவந்து என்கிட்டக் காட்டினார். அடியில மூலையில உங்க ரெண்டு எழுத்தையும் பார்த்தேன்.

இன்னொருத்தர் சிலுவைராஜ் அண்ணன்கிட்டப் போனார். மாத்த புதுக் கை எங்கேயும் கிடைக்கலை, பழசை வெல்டிங் வெச்சுக் கட்டியிருக்கார். “எத்தனை நாள் தாங்கும்”னு கேட்டேன். வேற பக்கம் பார்த்துக்கிட்டார்.

நேத்து 4406-ஐ நிறுத்தினேன். பதினாலு பொண்ணுங்க. முன்சீட்டுல மூணு பேர். விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் கேட்டாங்க, அவங்களுக்கு அழகுத்தாயைத் தெரியும். இறங்கி நடந்து போங்கன்னு சொன்னேன். அப்புறம் ஒரு பொண்ணு, கமலாத்தாள்னு பேரு, “நடந்தா ரெண்டு மணி நேரமாகும்க்கா. மணி அடிச்சப்புறம் போனா கங்காணி திருப்பி அனுப்பிடுவான். நாங்க என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க”ன்னு கேட்டா. டிரைவர் தம்பி, “நான் பார்த்து மெதுவாப் போறேன்க்கா”ன்னார். இவங்களும் மெதுவாத்தான் போனாங்கன்னு சொல்ல வாய் வந்தது. அந்தப் பொண்ணுங்க முகத்தைப் பார்த்துட்டு வழியை விட்டுட்டேன்.

பகல் முழுக்க வீட்டுக்குள்ள இருப்புக்கொள்ளலை. சாயங்காலம் திரும்பவும் ஜங்ஷனுக்குப் போய் நின்னேன். அஞ்சரை மணிக்கு 4406 வந்தது. பதினாலு பேரையும் எண்ணினேன், சரியா இருந்தாங்க. கமலாத்தாள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினா.

இன்னைக்குக் காலையிலும் போச்சு.

சபியா